நான் அனுப்பிய பிறைகள்

எனக்கு எதைப் பார்த்தாலும் முதலில் ஓரம்தான் தெரியும். ஆளைக் கண்டால் முகம் பிறகுதான். தோள் எங்கே முடிகிறது, அதற்குப் பின்னால் சுவர் எங்கே தொடங்குகிறது, காற்றில் பறக்கிற முடி எத்தனை, அதையெல்லாம் வெட்டி எடுக்க எத்தனை நாள் போகும் என்றுதான் கண் ஓடும். இது நோயில்லை, தொழில். சினிமாவுக்கு எடுத்த காட்சியைக் கணினியில் வைத்து, ஒவ்வொரு படமாக நிறுத்தி, ஒரு மனிதரைச் சுற்றிக் கோடு போட்டு அவரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு படம். கதாநாயகன் பத்து விநாடி நடந்தால் நான் அவனை இருநூற்று நாற்பது தடவை சுற்றி வந்திருப்பேன். பிறகு அவன் இடுப்பில் கட்டியிருக்கும் கயிற்றை அழிப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று ஊரில் ஆட்களைத் திட்டுவார்கள். எனக்கு அதைச் செய்யத்தான் சம்பளம் தந்தார்கள்.

இதை ஊரில் விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கலியாணம் பேசும்போது வாப்பா, "மகன் கம்பியூட்டர் வேல" என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொண்டார். சினிமா என்ற சொல் பெண் வீட்டு வாசலைத் தாண்டவேயில்லை. கலியாணம் முடிந்த இரண்டாம் கிழமை மாமனார் என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டு டிவியில் கோடு கோடாக ஓடுகிறது, திருத்த ஏலுமா என்று கேட்டார். அன்டெனா வயரைக் கழற்றி மாட்டினேன், சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு என் தொழில் பற்றி அவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

இப்போது கிழக்கிலங்கையில், கல்முனைப் பிரதான வீதியில், ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இந்த வேலையைப் படிப்பிக்கிறேன். கீழே இரும்புக் கம்பி வெட்டுகிற சத்தம், மேலே நான் மெல்லக் கோடு போடச் சொல்கிற சத்தம். பதினொரு பேர் படிக்கிறார்கள், அதில் ஏழு பேர் பெண்பிள்ளைகள். எனக்குப் பொறுமை குறைவு. "சேர், இத ஒரு பட்டன்ல செய்யேலாதா?" என்று ஒருவன் கேட்டால், "செய்யேலும் தம்பி, உங்கட சம்பளத்தையும் அந்தப் பட்டனுக்கே குடுப்பாங்க" என்று எரிந்து விழுவேன். பிறகு வீடு வரும் வழியெல்லாம் அதற்காக வருத்தப்படுவேன். அடுத்த நாளும் அப்படித்தான் விழுவேன்.

ஊர் ஆட்களும் படியேறி வருவார்கள், கலியாணப் படங்களோடு. கத்தாரிலிருந்து வர முடியாமல் போன வாப்பாவை மகளுக்குப் பக்கத்தில் நிற்க வைக்க வேண்டும். மனஸ்தாபமாகிப் போன மச்சானை நடுவிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆறு மாதத்தில் அதே ஆள் திரும்பி வருவார், "சேர், சமாதானமாயிட்டம், மச்சான மறுகா வெச்சுத் தாங்க" என்று. நான் மச்சான்மாரை அழிப்பதில்லை, ஒரு கோப்பில் எடுத்து வைத்திருக்கிறேன். எப்படியும் பெருநாளைக்குள் சேர்ந்துவிடுவார்கள்.

என் மனைவிக்கு இந்தத் தொழிலில் பெரிய மரியாதை கிடையாது. ஒருமுறை நான் வேலை செய்த படம் ஒன்றை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல நீங்க செஞ்ச வேல எது? ஒண்டையும் காணல்லியே."

"காணாட்டித்தான் அது நல்ல வேல."

"அப்ப ஒண்டும் செய்யாட்டியும் காணாதுதானே?" என்றாள். அவள் வீட்டில் தையல் வேலை செய்பவள். தைத்த சட்டையைப் பிரித்துப் பார்த்து நூலைக் காட்ட அவளால் முடியும். என்னால் எதைக் காட்ட முடியும்?

அவள் வீடு என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர வேண்டும். சாய்ந்தமருதில், பிரதான வீதிக்கு மேற்கே, கடைசி வரிசையில் இருக்கிறது அந்த வீடு. பின்கதவைத் திறந்தால் வட்டை. நெல்வயல் வெளியைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அந்த வீட்டில் நான் மாப்பிள்ளையாக இருந்தது ஏழு மாதம். அதற்குள் கோலாலம்பூரில் ஒரு நிறுவனம் வேலைக்குக் கூப்பிட்டது. போனேன். இரண்டு வருடத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவன் ஒன்பது வருடம் இருந்தேன். வருடத்துக்குப் பதினைந்து நாள் லீவு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்குக் காரணம் தேடி மருந்துக்கும் துஆவுக்கும் அலைந்தவர்களில் ஒருவரும் அந்தப் பதினைந்து நாளை விரல்விட்டு எண்ணிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து நாலு வருடமாகிறது. அந்த ஒன்பது வருடத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். "எப்படிப் புள்ள இரிந்த அந்தக் காலம்?" என்று நான் கேட்டால், "என்னத்தச் சொல்ற?" என்று துணியை உதறி மடிப்பாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவளுடைய ஒன்பது வருடம் எப்படிப் போனது என்று தெரியாமல் சாப்பிட்டுத் தூங்கி எழும்புவது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. நான் போன தடம் எனக்குத் தெரியும். அவள் இருந்த இருப்பு தெரியாது. அதை அறியாமல் இந்த வீட்டில் நான் இன்னும் லீவில் வந்தவன்தான் என்று தோன்றிக்கொண்டேயிருந்தது.

அந்தக் காலத்தில் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அது அவளுடைய யோசனை. நான் புறப்படுவதற்கு முந்திய கிழமை, பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "மாசத்துக்கு ஒருக்கா எண்டாலும் ரெண்டு பேரும் ஒரே சாமானப் பாக்கணும்."

"என்ன சாமான்?"

"பிறை."

தலைப்பிறை சரிவராது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். இங்கே கண்டால் அங்கே காணாது. அங்கே கண்டதை இங்கே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பிறைக் கதை பேசப் போனால் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு பெருநாள் வந்துவிடும். அதனால் பிறை தென்பட்டதற்கு மறுநாள் என்று வைத்துக்கொண்டோம். அன்றைக்குப் பிறை கொஞ்சம் தடித்திருக்கும், வானத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். மலேசியாவில் பொழுது எங்களைவிட முந்திச் சாயும். ஆகவே நான் முதலில் பார்த்து, போனில் ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அவள் அதைப் பார்த்துவிட்டு, மஃரிப் தொழுதுவிட்டு, பின்கதவால் போய் வரம்பில் நின்று தன் பிறையைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் கடல் கிழக்கே. பிறை மேற்கே, சம்மாந்துறைப் பக்கத்து வயலுக்கு மேலேதான் தெரியும். பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுப்பாள். நேரே முகம் பார்த்துக் கதைக்கிற வசதி வந்த பிறகும் அவள் அதற்கு இசையவில்லை. "மொகம் துண்டு துண்டா வருது, எனக்குப் பாக்கப் பயமா இரிக்கி" என்றாள். குரல் போதும், பிறை போதும் என்று விட்டுவிட்டோம்.

முதல் மாதம் சொன்னது போலவே செய்தேன். நிறுவனக் கட்டடத்தின் மொட்டைமாடிக்கு ஏறிப் போய், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று, பிறையை எடுத்தேன். கை நடுங்காமல் எடுக்க வேண்டுமென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. புரட்டாசி மாதமாக இருக்க வேண்டும். கீழே ரயில் ஒன்று சத்தமில்லாமல் போனது. எனக்கு அழுகை வந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட மாட்டேன். ஏழு மாதம் ஒருத்தியோடு இருந்து பழகியவனுக்கு, அவள் தலையில் பூசும் எண்ணெய் வாசம்கூட இல்லாத ஊரில், மாதத்துக்கு ஒரு பிறைதான் கொடுத்து வைத்தது என்றால் வேறென்ன செய்வான்?

இரண்டாம் மாதம் நான் பிறையைப் பார்க்கவில்லை.

வேலை செய்யும் அறைக்கு ஜன்னல் இல்லை. நிறம் பிழையில்லாமல் தெரிய வேண்டுமென்று சுவரெல்லாம் கறுப்படித்து வைத்திருந்தார்கள். வேலை செய்கிற படம் வெளியே போய்விடக் கூடாதென்று போனை வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அன்றைக்கு ஒரு சண்டைக் காட்சி, பதினேழு பேர் கயிற்றில் தொங்குகிறார்கள், பதினேழு கயிற்றையும் அன்றைக்கே அழித்துக் கொடுக்க வேண்டும். நான் வெளியே வந்தபோது பிறை இறங்கிப் போயிருந்தது. மேற்கே ஒரு நீலம் மட்டும் மிச்சம். அவள் அங்கே தொழுதுவிட்டுக் காத்திருப்பாள். சாப்பாட்டு அறை ஜன்னலால் அந்த வெறும் வானத்தை எடுத்தேன். என் சொந்த லெப்டொப்பில் போன மாதத்துப் பிறை இருந்தது. வெட்டி எடுத்து வைத்தேன், சுற்றிலும் கொஞ்சம் மங்கலாக்கினேன், வானத்தின் நிறத்தைத் தொட்டுக் கொடுத்தேன். பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

அவள் போன் எடுத்து, "கண்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம், கண்டன்" என்றேன்.

ஒரு தடவைதானே என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் மழை. அதற்கடுத்த மாதம் மறுபடி வேலை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. இரண்டாம் பிறையன்று சாப்பாட்டு அறைக்குப் போவேன், ஜன்னலால் வானத்தை எடுப்பேன், அந்த முதல் மாதத்துப் பிறையை அதில் வைப்பேன். முகிலுக்குப் பின்னால் பாதி மறைத்து வைப்பேன். கட்டட உச்சிக்குக் கிட்ட இறக்குவேன். ஒருமுறை ஒரு பறவையைக் குறுக்கே பறக்கவிட்டேன், அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு ஒன்பது வருடம் ஓடியது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். லீவில் வரும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டுமென்று வருவேன். பதினைந்து நாளில் சொல்ல வேண்டிய வேறு காரியங்கள் முந்திக்கொள்ளும்.

திரும்பி வந்த பிறகு எனக்கென்று ஒரு படம் எடுக்க வேண்டுமென்று ஆசை வந்தது. இத்தனை வருடமாக மற்றவர்களின் படத்தில் கயிறு அழித்தவனுக்கு வராதா? பதினொரு நிமிடப் படம். புருஷன் வெளிநாட்டில். பெண்சாதி மாதம் ஒருமுறை பின்கதவால் போய் வரம்பில் நின்று பிறை பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. மாணவர்களிடம், "இது நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு நடக்கிறது" என்றேன். உண்மை அதுவல்ல. அவளிடம் வாயால் கேட்டுக் கிடைக்காததைப் படமாக எடுத்துக் காட்டிக் கேட்கலாம் என்று நினைத்தேன். படத்தைப் பார்த்துவிட்டு, சரியென்றோ பிழையென்றோ அவள் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

நடிக்கப் பெண் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் அது நடக்கிற காரியமில்லை. மாணவி ஒருத்தியின் மாமி முதலில் ஓம் என்றார், அஸர் தொழுகைக்கு முன்னால் இல்லை என்று சொல்லியனுப்பினார். நான் முகம் சுருங்கி வீட்டுக்கு வந்து, "முகத்தக் காட்டத் தேவையில்ல, முதுகுதான் வேணும், அதுக்கும் ஆளில்ல" என்று முணுமுணுத்தேன். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் மனைவி கேட்டாள்:

"முதுகு எண்டா எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"பத்து நிமிசம்."

"முதுகுக்கு என்ன வெக்கம்? நான் நிக்கன்."

மூன்று நாள் மாலை எடுத்தோம். மாரி காலம். வட்டையெல்லாம் தண்ணீர் நின்று, விதைத்த நெல் விரலளவு எழும்பியிருந்தது. மாணவிகள் இரண்டு பேர் கமெராவோடு வரம்பின் இந்தப் பக்கம் சேற்றில் நின்றார்கள். எங்கே நிற்க வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் போய் நின்றுவிட்டாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு காலை வரம்பிலும் மற்றக் காலைக் கொஞ்சம் கீழேயும் வைத்து, நாடியைச் சற்றே தூக்கி. நடிப்புச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட தடவை அங்கே அப்படி நின்றவள் அவள். கமெராவின் சின்னத் திரையில் அந்த முதுகைப் பார்த்தேன். நான் கோலாலம்பூரில் சாப்பாட்டு அறையில் பறவை பறக்கவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இந்த முதுகு இங்கே நின்றிருக்கிறது.

முதுகு கிடைத்தது, பிறை கிடைக்கவில்லை. மூன்று நாளும் வானம் மூடியே கிடந்தது. மூன்றாம் நாள் தூறலும் தொடங்கிவிட்டது. "பிறகு வெச்சுக்கொள்ளலாம், கமெராவ மூடுங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். முகில் மூடிய வானத்தில் பிறை வைப்பது எனக்கு ஒரு வேலையா?

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு, முன்னறையில் கணினியைப் போட்டு அவளைக் கூப்பிட்டேன். கையிலிருந்த துணியோடு வந்து கதிரையில் உட்கார்ந்தாள், வாயில் ஊசி நூல். படம் ஓடியது. பின்கதவு திறந்தது. முதுகு வரம்புக்குப் போனது. மேலே, முகில் விலகிய ஓர் இடத்தில், பிறை. நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயிலிருந்த நூலை எடுத்தாள்.

"அண்டைக்கு அங்க பிறை இல்லியே."

"பொறகு வெச்சன். தொழில் அதுதானே."

"அது தெரியும்" என்றாள். கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்தாள். "இது அந்தப் பழைய பிறைதானே?"

"எந்தப் பழைய பிறை?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் போல.

"நீங்க அங்கயிரிந்து அனுப்பின பிறை. மாரியில பிறை இப்பிடிச் சரிஞ்சு கிடக்காது. நேரா மல்லாந்து கிடக்கும், தோணி மாதிரி. இது புரட்டாசியில, கச்சான் காத்து முடியிற காலத்துப் பிறை. ஒரு கொம்பு மேல, ஒரு கொம்பு கீழ. நீங்க போன மாசத்துல அப்பிடித்தான் கிடந்த."

ஓரம் ஓரமாகப் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு இது ஒருநாளும் படவில்லை. பிறை மாதத்துக்கு மாதம் சாய்வு மாறும் என்பது வரம்பில் நின்று வருடக்கணக்கில் பார்த்தவளுக்குத்தான் தெரியும். நான் ஒரே பிறையை ஒன்பது வருடம், ஒரே சரிவில், அந்தக் கண்ணுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"அந்த முதல் மாரியிலேயே."

"அப்ப ஏன் புள்ள சொல்லல்ல? மாசா மாசம் கண்டீங்களா எண்டு கேட்டயே, நானும் கண்டன் கண்டன் எண்டு..."

"சொல்லியிரிந்தா நீங்க அனுப்புறத உட்டிருப்பீங்க" என்றாள். குரலில் கோபமில்லை. துணியின் ஓரத்தைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தாள். "பிறைக்கு எனக்கென்ன பஞ்சம்? இஞ்ச வெளியில போனா நிக்குது. அந்த வீடியோவுல நான் பிறையையா பாத்தன்?"

"வேற என்னத்த?"

"ஜன்னல் கண்ணாடி. அதுல நீங்க விழுந்திரிப்பீங்க. கையில போனோட. சட்ட என்ன நிறம் எண்டு தெரியும். மெலிஞ்சா தெரியும். ஒரு மாசம் தாடி வெச்சிரிந்தீங்க."

அவள் சொன்னது சரிதான். சாப்பாட்டு அறையில் விளக்கு எரியும், வெளியே இருட்டிக்கொண்டு வரும். கண்ணாடியில் ஆள் விழாமல் எப்படி இருக்கும்? முதல் இரண்டு வருடம் நான் அதைக் கவனிக்கவேயில்லை. பிறகு என் கை தேறியது. என்னை ஒரு சிறிய குழுவுக்குப் பொறுப்பாக்கினார்கள். மற்றவர்களின் வேலையில் பிழை பிடித்துப் பிடித்து, என் கண்ணுக்கு ஒரு பிழையும் பொறுக்காமல் போனது. ஒரு மாதம் வானத்தை எடுத்துப் பார்த்தபோது கண்ணாடியில் ஒரு ஆள் மங்கலாகத் தெரிந்தான். காட்சி அழுக்காக இருக்கிறதே என்று அவனைத் துடைத்தேன். சுத்தமாக வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் பிறையை வைக்க முன்னம் அவனைத் துடைத்துவிடுவேன்.

"ஒரு மாசம் பாத்தன், நீங்க இல்ல" என்றாள். "இடம் மாத்தி நிண்டு எடுத்திரிப்பீங்க எண்டு நினைச்சன். அடுத்த மாசமும் இல்ல. வெளிச்சத்தக் கூட்டிப் பாத்தன். போனத் திருப்பித் திருப்பிப் பாத்தன்."

அந்த மாதம் பிறையன்று அவள் வழக்கத்துக்கு மாறாக இரண்டு தடவை போன் எடுத்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுகமா இரிக்கீங்களா, எங்க நிண்டு எடுத்த, உடம்புக்கு ஒண்டுமில்லியே என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். வேலைக்குத் திரும்பிப் போகிற நேரத்தில் என்ன இது என்று நான் எரிந்து விழுந்தேன். இப்போது மாணவர்களிடம் விழுவதைப் போலத்தான்.

"ஒரு வருசம் தேடினன்" என்றாள். "பொறகு பழகிட்டு."

அவள் அழவில்லை. நான்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இத்தனை வருடத் தொழில் வாயைச் சும்மா இருக்க விடவில்லை. "பழைய போன்ல அந்த வீடியோ கிடக்கும்தானே? எடுத்துத் தா. என்னய மறுகா அதுக்குள்ள வெச்சுத் தாறன். ஆருக்கும் தெரியாது, அவ்வளவு சுத்தமாச் செய்யேலும்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "செய்வீங்க" என்றாள். "அந்தப் பிறைய வெச்ச மாதிரித்தானே?"

திரையில் அவளுடைய முதுகு நின்றுகொண்டிருந்தது, மேலே என்னுடைய பிறை. நான் மவுஸைப் பிடித்து அந்தப் பிறையை எடுத்தேன். அதற்காகப் பிளந்து வைத்த முகிலையும் மூடினேன். எடுத்தது எடுத்தபடி மிஞ்சியது: தூறல், தண்ணீர் நிற்கும் வட்டை, ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருத்தி. திரும்ப ஓடவிட்டேன். இந்தத் தடவை நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் துணியை மடியில் போட்டுவிட்டு, கைகள் இரண்டையும் அதன்மேல் வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தாள்.

"ஓம்" என்றாள். "இப்பிடித்தான் இரிந்த."